தேவையற்றுப் போகவே பிறந்தது

ஆக்‌ஷன்பார்ஷெர்லாக் 2011இல் பிறந்தது, 2013இல் ஓய்ந்தது. வயது இரண்டு சொச்சம். நோய்நொடி ஏதுமில்லை. கடைசிவரை சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. மென்பொருள் லைப்ரரிகளின் சாவு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. உள்ளே ஒன்றும் கெட்டிருக்காது. சுற்றியிருப்பவை இடம் மாறிப்போயிருக்கும்.

ஆண்ட்ராய்டில் ஆப் எழுதாதவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனால் 2012, 2013இல் ஆண்ட்ராய்ட் போன் வைத்திருந்தவர்களில் ஏராளமானோர் அதைத் தெரியாமலே தினமும் விரலால் தொட்டிருக்கிறார்கள். வேர்ட்பிரஸ் ஆப், விஎல்சி பிளேயர், கிட்ஹப் நிறுவனம் அந்நாளில் வெளியிட்ட ஆண்ட்ராய்ட் ஆப் என எத்தனையோ ஆப்களின் மேல்விளிம்பில் அது உட்கார்ந்திருந்தது.

கதை தொடங்குவது மோட்டோரோலா ஜூம் என்ற டேப்லெட்டில். 2011 பிப்ரவரியில் அது ஆண்ட்ராய்ட் 3.0 பதிப்போடு கடைக்கு வந்தது. ஹனிகோம்ப் என்பது அந்தப் பதிப்பின் செல்லப் பெயர். அதுவரை ஆண்ட்ராய்ட் ஆப்களின் தலையில் ஒரு சாம்பல் நிறத் தலைப்புக் கீற்று மட்டும்தான் இருக்கும். மற்ற கட்டளைகள் வேண்டுமென்றால் போனின் அடியில் இருக்கும் மெனு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் என்ன வரும் என்று அமுக்கித்தான் பார்க்க வேண்டும். ஹனிகோம்ப் அதையெல்லாம் மேலே கொண்டுவந்து ஒரு பட்டையில் வைத்தது. இடப்பக்கம் ஆப்பின் சின்னம், அதை ஒட்டித் தலைப்பு, வலப்பக்கம் தேடல், பகிர்தல் போன்ற பொத்தான்கள், இடம் போதாமல் மிஞ்சியவை மூன்று புள்ளிக்குள். இதற்குப் பெயர் ஆக்‌ஷன் பார். இன்று நம் போனில் எந்த ஆப்பைத் திறந்தாலும் அதன் வம்சாவளி ஏதோ ஒன்று மேலே நிற்கிறது.

ஹனிகோம்ப் டேப்லெட்டுக்கு மட்டுமே வந்தது. போன்களுக்கு அந்தப் பட்டை கிடைத்தது 2011 அக்டோபரில் வெளிவந்த ஆண்ட்ராய்ட் 4.0இல். ஆனால் கலிஃபோர்னியாவில் புதிய பதிப்பு வெளியானால் கையிலிருக்கும் போன் மாறிவிடுமா என்ன? 2012 நடுவிலும், கூகுள் வெளியிட்ட கணக்குப்படியே, பாதிக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்ட் கருவிகளில் ஓடியது 2.3 பதிப்புதான். நம்மூரில் அப்போது சக்கைப்போடு போட்ட சாம்சங் கேலக்ஸி ஒய், மூன்று அங்குலத் திரையோடு, அதே 2.3இல் வந்தது. மலிவுப் போனுக்குப் புதிய பதிப்பைத் தரும் பழக்கம் அன்றைய கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஆகவே ஆப் எழுதுபவர் பட்டையை மறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஆப்புக்கு இரண்டு முகம் எழுத வேண்டும். கூகுள் தன் பங்குக்கு ஆக்‌ஷன்பார்காம்பேட் என்ற மாதிரி நிரலைக் கொடுத்தது. மாதிரி என்றால் மாதிரிதான். எடுத்து வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்; அதற்குமேல் உங்கள் பாடு.

அந்த இடைவெளியில்தான் ஜேக் வார்ட்டன் என்ற நிரலாளர் வந்தார். தனி ஆளாகத் தொடங்கிய வேலை. அவர் எழுதிய ஷெர்லாக் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: 3.0க்கு முந்தைய போன்களிலும் அந்தப் பட்டையை வரவழைப்பது. முதல் பதிப்புகள் தட்டுத் தடுமாறித்தான் நடந்தன. 2012இல் வந்த நான்காம் பதிப்பில் அவர் அடித்தளத்தையே மாற்றினார். ஆண்ட்ராய்ட் 4.0இன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. அதிலிருந்த ஆக்‌ஷன் பார் நிரலையே எடுத்து, பழைய போனில் ஓடும்படி இழைத்துக் கொடுத்தார். பழைய போன்களில் புதிய அனிமேஷன் வசதி கிடையாது என்பதால் அதற்கும் நைன்ஓல்ட்ஆண்ட்ராய்ட்ஸ் என்று ஒரு லைப்ரரி எழுதி, அதன் ஒரு பிரதியை ஷெர்லாக்கின் வயிற்றுக்குள் வைத்தார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆப் ஓடும் போன் 4.0 அல்லது அதற்கு மேற்பட்டது என்றால், ஷெர்லாக் தானாக எதையும் வரையாது. ஒதுங்கி நின்று, போனின் சொந்தப் பட்டைக்கு வழிவிடும். பழைய போன் என்றால் மட்டும் முன்னால் வந்து வேலை செய்யும். அதாவது உலகம் முழுக்கப் பழைய போன்கள் குப்பைக்குப் போகப் போக, ஷெர்லாக்குக்கு வேலை குறைந்துகொண்டே வரும். கடைசி 2.3 போன் அணையும் நாளில் அது முற்றிலும் தேவையற்றதாகிவிடும். தன் ஓய்வு நாளைத் தன் வடிவமைப்பிலேயே எழுதிவைத்துக்கொண்ட மென்பொருளை நான் அதிகம் பார்த்ததில்லை.

பழகுவதற்கும் எளிது. ஆக்டிவிட்டி என்று எழுதும் இடத்தில் ஷெர்லாக்ஆக்டிவிட்டி என்று எழுத வேண்டும். கெட்ஆக்‌ஷன்பார் என்பது கெட்சப்போர்ட்ஆக்‌ஷன்பார் ஆகும். மெனு வகுப்பை மட்டும் ஆண்ட்ராய்டின் பொதியிலிருந்து எடுக்காமல் ஷெர்லாக்கின் பொதியிலிருந்து எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஆளாளுக்கு மாட்டிக்கொண்டார்கள். அன்று நிரல் எழுதப் பயன்பட்ட எக்லிப்ஸ் என்ற மென்பொருள் தாராள மனதோடு தவறான மெனுவை இறக்கிக் கொடுக்கும். நிரல் கம்பைல் ஆகாது. ஒரே பெயரில் இரண்டு மெனு இருக்கும் விஷயம் உறைக்கும்வரை திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஷெர்லாக் எல்லோரையும் திருப்திப்படுத்தவும் முயலவில்லை. மெனு பொத்தான் உள்ள பழைய போனில் மூன்று புள்ளி வராது. ஏனென்றால் ஆண்ட்ராய்டின் சொந்த நடத்தை அதுதான். கட்டாயமாக வரவழைக்க ஒரு தீம் கொஞ்ச காலம் இருந்தது. அதையும் வார்ட்டன் பின்னால் நீக்கினார். பலருக்கு எரிச்சல். என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி. ஒன்றுக்கு மாற்றாக நிற்க வந்த பொருள், அந்த ஒன்றைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அசல் வரும் நாளில் மாற்றை விலக்கவே முடியாமல் போய்விடும்.

இனி சாவுக்கு வருவோம். அதற்கு முன் அந்நாளில் ஒரு லைப்ரரியை ஆப்பில் சேர்ப்பது எப்படி என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் இருந்தது.

ஜாவா உலகில் லைப்ரரி என்றால் ஜார் கோப்பு. கம்பைல் ஆன நிரலைப் பொதிந்த பொட்டலம். தூக்கி ஒரு ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. ஷெர்லாக்கை அப்படிப் போட முடியாது. அதில் நிரலோடு படங்களும் தீம்களும் லேயவுட்டுகளும் இருந்தன. ஆண்ட்ராய்ட் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண் இறுதியாவது முழு ஆப்பும் கட்டப்படும்போதுதான். முன்கூட்டியே கட்டி ஜாரில் அடைத்தால் எண்கள் பொருந்தாது. ஆகவே லைப்ரரியின் மூலநிரல் முழுவதையும் இறக்கி, எக்லிப்ஸில் தனி ப்ராஜெக்ட்டாகத் திறந்து, இது லைப்ரரி என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்து, உங்கள் ப்ராஜெக்ட்டை அதனோடு கோக்க வேண்டும். கோத்த உடனே சிவப்பில் ஒரு எரர் வரும். பழைய போன்களுக்காகக் கூகுள் தந்த சப்போர்ட் லைப்ரரியின் ஜார் ஒன்று ஷெர்லாக்கிடம், உங்களிடம் இன்னொரு சப்போர்ட் ஜார், இரண்டும் ஒன்றல்ல, சரிசெய்யுங்கள் என்று. அந்நாளில் ஆண்ட்ராய்ட் கற்றுக்கொண்டவர்களிடம் ஜார் மிஸ்மேட்ச் என்று சொல்லிப் பாருங்கள், முகம் போகும் போக்கே தனி.

எக்லிப்ஸை நம்பாமல் மேவன் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தியவர்கள் தங்களுக்கென ஒரு வழி கண்டிருந்தார்கள். ஏபிகேலிப் என்ற பொட்டலம். மூலநிரலையும் படங்களையும் அப்படியே ஸிப் செய்து வைப்பது. பயன்படுத்தும் ஆப் ஒவ்வொன்றும் அதைப் பிரித்துத் தானே கம்பைல் செய்துகொள்ளும். வார்ட்டன் தன் லைப்ரரிகளை இந்த வடிவில்தான் மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் கிடங்கில் ஏற்றிவந்தார்.

2013 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூகுள் தன் ஆண்டு மாநாட்டில் ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவை அறிமுகப்படுத்தியது. எக்லிப்ஸ் இருந்த இடத்துக்கு அது. அதன் அடியில் கிரேடில் என்ற பில்ட் கருவி. கிரேடிலுக்காக ஏஏஆர் என்று ஒரு புதிய பொட்டலம்: கம்பைல் ஆன நிரல், படங்கள், மேனிஃபெஸ்ட் எல்லாம் ஒழுங்காக அடுக்கியது. ஏபிகேலிப் அதற்குப் புரியாது. புரியவைக்கும் எண்ணமும் இல்லை. ஒரே லைப்ரரியை ஒவ்வொரு ஆப்பும் மூலத்திலிருந்து திரும்பத் திரும்பக் கட்டுவது தவறான ஏற்பாடு என்பது அவர்கள் வாதம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரியான வாதம்தான்.

அதே ஆண்டின் நடுவில், சப்போர்ட் லைப்ரரியின் 18ஆம் பதிப்போடு, கூகுளே ஆப்காம்பேட் என்று ஒன்றை வெளியிட்டது. ஆண்ட்ராய்ட் 2.1 வரை பின்னோக்கிச் சென்று ஆக்‌ஷன் பாரைக் கொடுத்தது. ஷெர்லாக் இரண்டு ஆண்டாகச் செய்துவந்த அதே வேலை, இப்போது வீட்டுக்காரரே செய்தார். வார்ட்டன் போட்டிக்கு நிற்கவில்லை. இனி வளர்ச்சி இல்லை என்று அறிவித்து, வந்தவர்களைக் கூகுளின் லைப்ரரியை நோக்கித் திருப்பிவிட்டார்.

அந்த ஆண்டு வந்த 4.4.0தான் கடைசி. அது மேவன் சென்ட்ரலில் ஏஏஆர் வடிவிலும் ஏறியது. கிரேடில் கோப்பில் ஒரே வரி. அதன் வாலில் ஏஏஆர் என்று ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் ஷெர்லாக்குக்குத் தேவையான சப்போர்ட் லைப்ரரியைக் கிரேடில் தானாக இழுத்து வராது, அதை நாமே தனி வரியில் எழுத வேண்டும் என்ற சின்ன உபத்திரவம் இருந்தது. போகட்டும். ஷெர்லாக் தன் கணக்குவழக்கை முடித்து, புதிய உலகத்துக்கான ஆவணத்தையும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

அதன் தம்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வியூபேஜர்இண்டிகேட்டர். அதே வார்ட்டன், அதே அப்பாச்சி உரிமம். பக்கங்களை இடம் வலமாகத் தள்ளிப் பார்க்கும் ஆப்களில், இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று காட்டும் சின்ன வட்டங்கள், கோடுகள், தாவல்கள். அழகான வேலைப்பாடு. 2012க்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. மேவன் சென்ட்ரலில் கிடந்தது ஏபிகேலிப் மட்டும். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவுக்கு மாறிய ஒவ்வொருவரும் அந்த வாசலில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

ஆகவே கேட்டார்கள். கிரேடில் ஆதரவு தாருங்கள். ஏஏஆர் எப்போது வரும்? செத்துப்போனவரை வங்கிக்கு வந்து ஆதாரை இணைத்துவிட்டுப் போகச் சொல்வது போன்ற விண்ணப்பம். ஆனால் கேட்டவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். புதிய அம்சம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, பிழையைத் திருத்தச் சொல்லவும் இல்லை. இருக்கிறபடியே இருக்கட்டும், எங்கள் கருவிக்குள் நுழைய மட்டும் ஒரு வழி விடுங்கள் என்றார்கள். அதற்கான பில்ட் கோப்பு இருபது வரிகூட வராது. புதிய கருவி நிரலை ஒரு குறிப்பிட்ட ஃபோல்டர் அடுக்கில் எதிர்பார்க்கும். பழைய லைப்ரரியில் அடுக்கு வேறு. நிரல் இங்கே, படங்கள் இங்கே, மேனிஃபெஸ்ட் இங்கே என்று சுட்டிக்காட்டினால் போதும். அந்த இருபது வரியைத் தாங்களே எழுதி வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

எழுதிவிட்ட பிறகும் ஏன் கேட்க வேண்டும்? பெயர் வேண்டியிருந்தது. மேவன் சென்ட்ரலில் ஒரு லைப்ரரியை அதன் சொந்தப் பெயரில் ஏற்ற, அந்தப் பெயர் உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டும். பொட்டலத்தில் உங்கள் டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். பெயருக்கு உரியவர் போய்விட்டால் மற்றவர்கள் தங்கள் பெயரில்தான் ஏற்ற முடியும். ஏற்றினார்கள். ஒரே வியூபேஜர்இண்டிகேட்டர் வெவ்வேறு ஆட்களின் பெயரில் உலவியது. எது யார் கட்டியது, உள்ளே என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பார்க்காமலே ஆயிரம் கைகள் அதை எடுத்துத் தங்கள் ஆப்பில் போட்டுக்கொண்டன. பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இன்று இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

கேட்கப்பட்டவர் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வரிதானே என்று நினைப்பவர்கள் அதற்குப் பின்னால் வருவதைப் பார்ப்பதில்லை. ஏற்றுக்கொண்டால் மேவன், கிரேடில் இரண்டிலும் ஒவ்வொரு முறையும் கட்டிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டின் கிரேடில் செருகி அன்று மாதத்துக்கொரு உருவம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உருவத்துக்கும் கோப்பைத் திருத்த வேண்டும். உடைந்தால் கேள்வி யாரிடம் வரும்? அப்பாச்சி உரிமம் தெளிவாகவே சொல்கிறது: உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை. இலவசமாகக் கொடுத்தவரிடம் ஆயுள் முழுக்கப் பராமரிப்பையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அப்படியானால் குற்றம் யார்மேல்? பொட்டலத்தை மாற்றியவர்மேல் என்றுதான் நான் சொல்வேன். கூகுள் ஏஏஆரைக் கொண்டுவந்தது சரி. பழைய பொட்டலத்தைப் புதியதாக மாற்றித் தரும் ஒரு சின்னக் கருவியைக் கூடவே கொடுத்திருக்கலாம். முடியாத காரியமா? ஐந்தாண்டு கழித்து அவர்களே செய்து காட்டினார்கள். 2018இல் சப்போர்ட் லைப்ரரிகளின் பெயரையெல்லாம் ஆண்ட்ராய்ட்எக்ஸ் என்று மாற்றினார்கள். பழைய பெயரை நம்பியிருந்த லைப்ரரிகள் எல்லாம் ஒரே நாளில் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை, ஏனென்றால் ஜெட்டிஃபையர் என்ற கருவியையும் கூடவே தந்தார்கள். அது ஆப் கட்டப்படும்போதே பழைய லைப்ரரிக்குள் புகுந்து பெயர்களைத் திருத்திவிடும். எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா, வேலையை விட்டுவிட்டாரா என்ற கேள்வியே எழவில்லை. 2013இல் அந்தக் கரிசனம் இருந்திருந்தால், வியூபேஜர்இண்டிகேட்டர் வாசலில் அத்தனை பேர் வந்து நின்றிருக்க மாட்டார்கள்.

பாடம் கற்றார்கள் என்று நினைத்தால், 2023இல் ஆண்ட்ராய்ட் கிரேடில் செருகியின் 8.0 பதிப்பு வந்தது. அதுவரை மேனிஃபெஸ்ட் கோப்பில் இருந்த பொதிப் பெயரை இனி பில்ட் கோப்பில் நேம்ஸ்பேஸ் என்று எழுத வேண்டும் என்றது. ஒரே ஒரு வரி. உங்கள் சொந்த ஆப்பில் அதை மாற்ற உதவி கிடைத்தது. ஆனால் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் உலகில் பராமரிப்பவர் இல்லாமல் கிடக்கும் ப்ளக்இன்களில் யார் மாற்றுவது? அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி இன்னொரு தலைமுறை, பதில் வராத வாசல்களில் மனுப்போட்டது. சிலர் தங்கள் ப்ராஜெக்ட்டின் மூலக் கோப்பில் நாலைந்து வரி தந்திரம் எழுதி, அடுத்தவர் லைப்ரரிக்குள் நேம்ஸ்பேஸை வெளியிலிருந்தே திணித்தார்கள்.

ஆதரவு கிடைத்தாலும் அது நிலைப்பதில்லை என்பது இதைவிடக் கொடுமை. 2013இல் எழுதிய கிரேடில் கோப்பை இன்று ஓட்டினால் முதல் வரியிலேயே நிற்கும்; செருகியின் பெயர் மாறிவிட்டது. லைப்ரரிகளைச் சேர்க்கும் வரியில் அன்று கம்பைல் என்று எழுதினோம். 2017இல் அது இம்ப்ளிமென்டேஷன் ஆனது. 2021இல் வந்த கிரேடில் 7இல் பழைய சொல் அடியோடு நீக்கப்பட்டது. தன் பெயரில் வியூபேஜர்இண்டிகேட்டரை ஏற்றியவர்களில் பலர் தேர்ந்தெடுத்தது ஜேசென்டர் என்ற கிடங்கை. அங்கே ஏற்றுவது மேவன் சென்ட்ரலைவிட எளிது. ஜேஃப்ராக் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அதை மூடப்போவதாக அறிவித்தது. மே மாதத்தில் அதன் தாய்ச் சேவையான பின்ட்ரே மூடப்பட்டது. ஜேசென்டர் சில ஆண்டுகள் படிக்க மட்டும் திறந்திருந்தது. 2024இல் வரும் கோரிக்கைகளை மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஜேசென்டரில் மட்டுமே இருந்தவை அத்தோடு கைக்கு எட்டாமல் போயின. பெயர் தெரியாத எத்தனையோ பேர் செலவழித்த சனி ஞாயிறுகள் அவற்றோடு போயின.

ஆக்‌ஷன் பாரும் இதற்குள் மங்கிவிட்டது. 2014இல் ஆண்ட்ராய்ட் 5.0 அதன் இடத்துக்கு டூல்பாரைக் கொண்டுவந்தது. 2015இல் தாவல்களுக்குக் கூகுளே டேப்லேயவுட் தந்தபோது வியூபேஜர்இண்டிகேட்டரின் தாவல்களுக்கும் வேலை போனது. அதே ஆண்டோடு எக்லிப்ஸின் ஆண்ட்ராய்ட் செருகிக்கான ஆதரவும் முடிந்தது. வார்ட்டன் எழுதிப் பெரும்புகழ் பெற்ற பட்டர்நைஃப் லைப்ரரியையும், ஆண்ட்ராய்டில் வியூ பைண்டிங் வந்தபிறகு, 2020இல் அவரே கைவிட்டார். தான் கட்டியதைத் தானே மூடத் தெரிந்த ஆள். திறந்த மூலநிரல் உலகில் இந்தக் குணம் அரிது. மூடாமல், பதிலும் சொல்லாமல், பாதியில் நிற்கும் லைப்ரரிகளே அங்கு அதிகம்.

மறைந்த ஆக்‌ஷன்பார்ஷெர்லாக்குக்கு ஒரே வாரிசு, ஆப்காம்பேட். ரத்த உறவு இல்லை, ஆனால் சாயல் உண்டு. ஷெர்லாக்கின் லேயவுட்டுகள், படங்கள் எல்லாம் ஏபிஎஸ் என்ற முன்னொட்டோடு தொடங்கும். ஆப்காம்பேட்டில் உள்ளவை ஏபிசி என்று தொடங்குகின்றன. கெட்சப்போர்ட்ஆக்‌ஷன்பார் என்ற பெயர் அங்கும் அதேதான். ஆண்ட்ராய்ட்எக்ஸ் ஆன பிறகும், பழைய வடிவில் எழுதும் ஆப்களில் இன்றும் தினமும் தட்டச்சாகிறது. உடன்பிறப்புகளான நைன்ஓல்ட்ஆண்ட்ராய்ட்ஸும் வியூபேஜர்இண்டிகேட்டரும் காலமாகிவிட்டன. மேவன் சென்ட்ரலில் ஒருமுறை ஏறியதை நீக்கும் வழக்கமில்லை என்பதால் 4.4.0 ஏஏஆர் அங்கேயே இருக்கிறது. இறக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் சப்போர்ட் லைப்ரரியைத் தனி வரியில் எழுத மறக்க வேண்டாம்.